அறிவிப்பு மொழி

சென்னையினின்று பெங்களூர்க்குச் செல்லும் பெருவழியில் திருப்பெரும்புதூர், இராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்துள்ளன. இவ்வழியின் இரு முனைகளிலும் கணினித்தொழில் ஓங்கி நிற்கின்றது. இடைப்பட்ட பாலாற்றங்கரை ஊர்களிலோ தோல் பதனிடுதலும் காலணி செய்தலும் தலைமுறை தலைமுறையாக நடந்து வருகின்றன. தந்தையார் தோல்மண்டிக்குச் செல்ல, தாயார் காலணித் தொழிற்சாலையில் தையற்பொறியின்முன் அமர, மக்கள் வேலூரில் பொறியியல் பயின்று கிழக்கே சென்னைக்கோ மேற்கே பெங்களூர்க்கோ பணிக்குச் செல்லும் இல்லங்கள் இங்குப் பல. ஆதலின், தொழில்நுட்ப நிறுவனம் ஒன்று உலகின் எம்மூலையிலிருந்து எதனை அறிவித்தாலும், அதன் எதிரொலி இப்பகுதி வீடுகளிலும் கேட்கின்றது.

இந்நிறுவனங்கள் மக்களோடு பேசும் பேச்சு இருவகைப்படும். புதியதொரு பொருளைப் படைத்தோம் என்று காட்டும் பேச்சு ஒன்று. உம்மை இனி வேண்டோம் என்று உணர்த்தும் பேச்சு மற்றொன்று. இரண்டும் ஒரே வாயினின்று வருவனவே. ஆயினும், இரண்டற்கும் இலக்கணம் வேறு. அவ்வேறுபாட்டை அறிதற்கு ஆங்கிலப் புலமை வேண்டுவதில்லை. வகுப்பில் நீங்கள் பயின்ற எழுவாய், பயனிலை என்னும் இரண்டுமே போதும்.

முதலில் காட்டும் பேச்சைக் காண்போம். 2007ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 9ஆம் நாள், அமெரிக்க நாட்டுச் சான் பிரான்சிஸ்கோ நகரில், ஆப்பிள் நிறுவனத் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் பெருங்கூட்டத்தின்முன் மேடையேறினார். இன்று மூன்று புதுப்பொருள்களைக் காட்டப்போவதாகத் தொடங்கினார். இசை கேட்கும் கருவி ஒன்று, கைப்பேசி ஒன்று, இணையத்தோடு தொடர்புகொள்ளும் கருவி ஒன்று என எண்ணிச் சொன்னார். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அவையோர் ஆர்ப்பரிக்கத் தொடங்கிய பின்னர், இவை மூன்றல்ல, ஒன்றே என்று கூறி ஐபோன் என்னும் கைப்பேசியை அறிமுகப்படுத்தினார். கேட்போர் ஐயுற்று, ஊகித்து, வியக்குமாறு ஒரு செய்தியைப் படிப்படியாக அவிழ்த்துக் காட்டிய அத்திறம் நம் கதாகாலட்சேபக்காரரும் அறிந்ததேயாகும்.

இத்தகைய மேடைப்பேச்சில் நாம் காணவேண்டுவது அதன் வினைமுற்று. படைத்தோம், மாற்றினோம், தருகின்றோம் எனத் தன்மைப் பன்மை வினைகளே அங்கு வரிசையாக வரும். சென்னையில் நடைபெறும் பன்னாட்டுத் தோற்பொருட் கண்காட்சியிலும் இதே மொழியைக் கேட்கலாம். தம் தோலின் மென்மையை வெளிநாட்டு வணிகர் விரலால் தடவிப் பார்க்கும்போது, இஃது எங்கள் சாலையில் நாங்கள் பதனிட்டது என்று சொல்லாத ஆம்பூர் வணிகர் இலர். செய்தவன் செய்பொருளுக்கு அருகில் நின்று உரிமை கொண்டாடுதல் இயல்பே. அப்பேச்சில் சிறிது உயர்வு நவிற்சி கலந்திருப்பினும், வாங்குவோன் பொருளைக் கையிலெடுத்துச் சோதித்துக் கொள்ளலாம் ஆதலின், அதனைப் பெருங்குற்றமாகக் கருதவேண்டுவதில்லை.

இனி, அனுப்பும் பேச்சு.

திருப்பெரும்புதூரில் நோக்கியா நிறுவனத்தின் கைப்பேசித் தொழிற்சாலை 2006இல் உற்பத்தியைத் தொடங்கிற்று. உலகின் பெரிய கைப்பேசித் தொழிற்சாலைகளுள் ஒன்றாக அது வளர்ந்தது. சுற்றுவட்டச் சிற்றூர்களினின்று இளைஞரும் இளம்பெண்களும் நிறுவனப் பேருந்தேறி அங்குச் சென்றனர். பலர்க்கு அதுவே முதல் மாதச் சம்பளம். 2013 செப்டம்பரில் நோக்கியாவின் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாப்ட் நிறுவனம் வாங்க ஒப்பியது. 2014 ஏப்பிரல் 25இல் அக்கைமாற்றம் நிறைவேறியது. ஆனால், வரி வழக்கில் சிக்கியிருந்தமையால் திருப்பெரும்புதூர்த் தொழிற்சாலை அதில் சேராது நோக்கியாவிடமே தங்கிவிட்டது.

அவ்வாண்டு சூலை 17ஆம் நாள், மைக்ரோசாப்ட்டின் கைப்பேசிப் பிரிவுத் தலைவர் ஸ்டீபன் ஈலோப் தம் பணியாளர்க்கு ஒரு மடல் விடுத்தார். நண்பரை வழியிற் கண்டு நலம் வினவுவதுபோன்ற எளிய விளியுடன் அது தொடங்குகின்றது. பின்னர் நிறுவனத்தின் குறிக்கோள் பேசப்படுகின்றது. எவ்வகைக் கைப்பேசிகள் எச்சந்தைக்கு என்பது விரிக்கப்படுகின்றது. பத்தி பத்தியாக இவ்வாறு சென்ற பின்னரே, அடுத்த ஓராண்டில் ஏறத்தாழ 12,500 பணியாளர் அளவிற்குக் 'குறைப்பு' விளையும் என்னும் மதிப்பீடு வருகின்றது. பன்னீராயிரத்து ஐந்நூறு இல்லங்களின் செய்தி, கைப்பேசி வகைகளைப் பற்றிய செய்திக்குப் பின்னே நிற்கின்றது! அம்மடல் உலகெங்கும் நகைப்புக்கும் சினத்துக்கும் உரியதாயிற்று.

திருப்பெரும்புதூர்த் தொழிலாளர்க்கு அம்மடல் வரவில்லை; அவர்களுக்கு வந்தவை வேறு இரண்டு சொற்கள். முதற்சொல் 'விருப்ப ஓய்வு' என்பது. 2014இல் அத்திட்டத்தின்படி ஆயிரக்கணக்கானோர் பணியை விட்டனர். இருபத்தைந்து அகவையினர் ஓய்வு பெறுதலை நாம் எங்கும் கண்டதில்லை. ஆணை வாராத தொழிற்சாலையில் தங்குவதா, தரும் தொகையைப் பெற்றுக்கொண்டு செல்வதா என்னும் நிலையில், விருப்பம் என்னும் சொல் யார் விருப்பத்தைக் குறித்தது? இரண்டாவது சொல், உற்பத்தியை 'நிறுத்தி வைத்தல்' என்பது. நிறுத்தி வைத்த வண்டி மீண்டும் ஓடும். நிறுத்தி வைத்த விளக்கு வேலை மீண்டும் தொடங்கும். 2014 நவம்பர் 1ஆம் நாள் நிறுத்தி வைத்த அத்தொழிற்சாலையிலோ நோக்கியாக் கைப்பேசி பின்னர் உருவாகவேயில்லை. அவ்விடத்தைச் சால்காம்ப் என்னும் மற்றொரு நிறுவனம் ஏற்கும் என்னும் செய்தி 2019இல்தான் வந்தது.

இவ்விடத்தில் இலக்கணத்தை நினைவு கூர்வோம். தமிழில் எழுவாய் வெளிப்படையாக இல்லாவிடினும் வினைமுற்றின் விகுதி அதனைக் காட்டிக் கொடுத்துவிடும். 'நீக்கினோம்' என்று ஒரு சொல் மட்டும் எழுதினாலும், ஓம் விகுதி 'யாம்' என்னும் எழுவாயைச் சுமந்து நிற்கும். இதனையே தோன்றா எழுவாய் என்கின்றோம். தோன்றாவிடினும் அஃது உள்ளது. ஆகவே, தமிழில் செய்தவனை மறைக்க விரும்புவோர் ஓம் விகுதியைத் துறந்தாக வேண்டும். அதற்கு இரண்டு வழிகளே எளியன. ஒன்று, 'நீக்கப்பட்டனர்' எனச் செயப்பாட்டு வினையாக்கிச் செய்தவனை விட்டுவிடுதல். மற்றொன்று, 'நீக்கம் நிகழ்கின்றது' எனத் தொழிற்பெயரையே எழுவாயாக்குதல். பின்னது முன்னதினும் நுட்பமானது. மழை பெய்கின்றது, காற்று வீசுகின்றது என்பதுபோல நீக்கமும் தானே நிகழ்கின்றதாம், எவரும் செய்யவில்லையாம். 'குறைப்பு விளையும்' என்பது இவ்வகையைச் சார்ந்தது. பொருளைக் காட்டும் மேடையில் ஓம் விகுதி முழங்குகின்றது. ஆளை அனுப்பும் மடலில் அவ்விகுதி காணாமற் போகின்றது. இவ்வொன்றைக் கண்டுகொண்டால் மாணவர் எவ்வறிவிப்பையும் எடை போடலாம்.

கசப்பானவற்றை மென்மையாகச் சொல்லுதல் நம் மரபன்றோ என்று ஒரு சிலர் வினவலாம். உண்மையே. பவணந்தி முனிவர் நன்னூலில் இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றனைத் தகுதி வழக்காக வகுத்துள்ளார். செத்தாரைத் துஞ்சினார் என்பதும், சுடுகாட்டை நன்காடு என்பதும், கறுத்த ஆட்டை வெள்ளாடு என்பதும் மங்கலம். ஆம்பூர்ப் பகுதிக்கு வரும் வெள்ளாட்டுத் தோலில் கறுப்பு மயிர் கண்டு எவரும் ஏமாந்ததாகக் கூறியதில்லை. சொல்வோனும் கேட்போனும் உண்மையை ஒருங்கே அறிந்திருத்தலே மங்கலத்தின் உயிர். துஞ்சினார் என்று கேட்டவன், உறங்குவாரை எழுப்பச் செல்வதில்லை. மேலும், அச்சொல் துயருற்றார் நெஞ்சம் நோகாமைப் பொருட்டுப் பிறந்தது. சொல்வோன் தன்னைக் காத்துக்கொள்ளப் பிறந்ததன்று.

குழூஉக்குறியோ, ஒரு கூட்டத்தார் பிறர் அறியாவாறு தமக்குள் வழங்குவது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதை நன்னூலுரை எடுத்துக்காட்டும். பொன்னின் உரிமையாளர் முன்னே அமர்ந்திருக்கும்போதே அவர் அறியாமற் பேசுதற்கு அச்சொல் பயன்பட்டது. 'மறுசீரமைப்பு', 'சரியளவாக்கல்', 'வளங்களை ஒழுங்குபடுத்தல்' என்பவை மங்கலம்போல் தோற்றமளிப்பினும், என் கருத்தில், குழூஉக்குறி வகையைச் சார்ந்தனவே.

என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் ஒருநாள் தம் நிறுவனத்திலிருந்து வந்த மின்னஞ்சலை அச்சிட்டு எடுத்துவந்து, "ஐயா, நான்கு முறை படித்துவிட்டேன். என்னை வேலையை விட்டு நீக்குகின்றார்களா, இல்லையா? இதை மட்டும் சொல்லுங்கள்" என்றார். இரண்டு பக்க மடல். அவர் பட்டம் பெற்றவர், ஆங்கிலமும் நன்கறிந்தவர். வாக்கியங்களைப் பிரித்துப் பயனிலையைத் தேடிய பின்னரே, நீக்குகின்றனர் என்பது எங்கள் இருவர்க்கும் புலனாயிற்று. நன்கு அறிந்தவர்க்கே இத்துணை உழைப்பு வேண்டுமாயின், ஏனையோர் நிலை என்னாகும்?

நிறுவனங்கள் ஏன் இங்ஙனம் எழுதுகின்றன? தீய உள்ளமே காரணம் என்று முடித்துவிடுதல் எளிது. ஆனால் அது முழு உண்மையன்று. ஒரே அறிவிப்பை இரண்டு அவையினர் படிக்கின்றனர். பணியாளர் ஓர் அவை. பங்கு வாங்கியோர் மற்றோர் அவை. செலவு குறைகின்றது என்பது பின்னவர்க்கு நற்செய்தி. அதுவே முன்னவர்க்கு இடிச்செய்தி. இரண்டு அவைக்கும் ஒரே மடல் எழுதப் புகுந்தவன் எவ்வவைக்கும் தெளிவாக எழுத இயலாது. 2025 சூலையில் டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனம் வெளியிட்ட அறிவிப்பு இதற்குத் தக்க சான்று. எதிர்காலத்துக்கு ஆயத்தமான நிறுவனமாகும் பயணத்தில் இருப்பதாக அஃது உரைத்தது. பணியாளருள் நூற்றுக்கு இருவர் அளவில் விடுவிக்கப்படுவர் என்பதும் உடன் வந்தது. அப்போது ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பணிபுரிந்த நிறுவனத்தில் நூற்றுக்கு இருவர் என்பது பன்னீராயிரத்துக்கும் மிகுதி. நூற்றுக்கு இரண்டு என்பது கணக்கேட்டின் மொழி. பன்னீராயிரம் பேர் என்பது தெருவின் மொழி. எண் ஒன்றே. ஆயினும், ஒன்றைக் கேட்டவர் தலையசைக்கின்றார்; மற்றொன்றைக் கேட்டவர் திடுக்கிடுகின்றார்.

தெளிவாகச் சொன்னாரும் உளர். 2020 மே 5ஆம் நாள், தொற்றுநோயால் பயணம் அற்றுப்போன காலத்தில், தங்குமிடம் அமர்த்தித் தரும் ஏர்பிஎன்பி நிறுவனத் தலைவர் பிரையன் செஸ்கி விடுத்த மடலில், 7,500 பேருள் ஏறத்தாழ 1,900 பேரை நீக்க நேர்ந்ததென்பது மறைவின்றி இருந்தது. வருவாய் முந்தைய ஆண்டினும் பாதிக்குக் கீழே வீழும் என்னும் காரணம் இருந்தது. அமெரிக்கப் பணியாளர்க்குப் பதினான்கு வாரச் சம்பளமும், பணியாற்றிய ஒவ்வோராண்டிற்கும் ஒரு வாரச் சம்பளமும் என்னும் கணக்கு இருந்தது. மடிக்கணினியை வைத்துக்கொள்ளலாம் என்பதும் இருந்தது. வேலை போயிற்றே என்னும் துயரை அம்மடல் போக்கவில்லை. ஆனால், படித்தவர் எவரும் அதனை ஆசிரியரிடம் எடுத்துச் சென்று பொருள் கேட்டிருக்க வேண்டுவதில்லை.

மதுரையிற் பிறந்தவரும் கூகுள் நிறுவனத் தலைவருமான சுந்தர் பிச்சை, 2023 சனவரி 20ஆம் நாள் 12,000 பணியிடங்களைக் குறைப்பதாக அறிவித்தபோது, இந்நிலைக்குக் கொண்டுவந்த முடிவுகளுக்கு முழுப்பொறுப்பையும் தாமே ஏற்பதாக எழுதினார். பொறுப்பேற்றவர் பதவியில் இருக்கின்றார், பொறுப்பில்லாதவர் வெளியேறுகின்றனர், இஃது என்ன பொறுப்பு என்று பலர் வினவினர். வினா நியாயமானதே. எனினும், அவ்வாக்கியத்தில் 'யான்' என்னும் எழுவாய் இருந்தமையாலன்றோ அவ்வினா எழ முடிந்தது? 'குறைப்பு விளையும்' என்றவரிடம் அங்ஙனம் வினவ ஒரு பிடியும் இல்லை.

அறிவிப்பே இல்லாதபோது நேர்வது இன்னும் கொடிது. 2021 டிசம்பரில், திருப்பெரும்புதூரில் ஐபோன் பொருத்தும் பாக்ஸ்கான் தொழிற்சாலையின் பெண் தொழிலாளர் தங்கிய விடுதியொன்றில் உணவு நஞ்சாகிப் பலர் நோயுற்றனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டனர். உடன் உறைந்தோர் எங்குள்ளார், எந்நிலையில் உள்ளார் என்பது ஏனைய பெண்களுக்குத் தெரியவில்லை. சிலர் இறந்தனர் என்னும் புரளி கைப்பேசி வழியே பரவியது. பெண்கள் நள்ளிரவில் சென்னை–பெங்களூர்ப் பெருவழியில் அமர்ந்து மறியல் செய்தனர். இறந்தார் எவருமிலர் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அம்மாத இறுதியில், விடுதிகளும் உணவறைகளும் வேண்டிய தரத்தில் இல்லை என்பதை ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. உலகெங்கும் செய்தியனுப்பும் கருவியைச் செய்யும் கைகளுக்கு, ஒரு விடுதியிலிருந்து மற்றொரு விடுதிக்கு உற்ற நேரத்தில் ஒரு செய்தி வரவில்லை.

இனி, நம் ஊர்க்கு இன்றியமையாத ஒரு சொல்லாராய்ச்சி. செய்தித்தாள்கள் வேலைநீக்கம் அனைத்தையும் 'லே-ஆஃப்' என்றே எழுதுகின்றன. அமெரிக்க வழக்கில் அது பொருந்தலாம். நம் நாட்டுச் சட்டத்திலோ அச்சொற்குப் பொருள் வேறு. 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தில் 1953இல் சேர்த்த விதிகளின்படி, லே-ஆஃப் என்பது மூலப்பொருள் இன்மை, மின்சாரம் இன்மை, சரக்குத் தேக்கம், பொறிப் பழுது முதலிய காரணங்களால் முதலாளி சிலகாலம் வேலை தர இயலாமை. தொழிலாளி பெயர் பதிவேட்டில் நீங்காதிருக்கும். தகுதியுடைய தொழிலாளிக்கு அந்நாள்களில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையிற் பாதி கிடைக்கும். 'ரிட்ரென்ச்மென்ட்' எனப்படும் ஆட்குறைப்போ பணியையே முடித்துவிடுவது. அதற்கு ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அம்மாதச் சம்பளம் வேண்டும். நிறைந்த ஒவ்வோராண்டுப் பணிக்கும் பதினைந்து நாட் சம்பளம் இழப்பீடாக வேண்டும். 2025 நவம்பர் 21ஆம் நாள் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் இவ்வேறுபாடு நிலைத்துள்ளது. ஐரோப்பாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ காலணி ஆர்டர் நின்றதும் வாயிலில் ஒட்டும் தாளில் இவ்விரண்டனுள் எச்சொல் உள்ளது என்பதைப் பொறுத்தே, தையற்பிரிவில் பணியாற்றும் ஒரு தாய்க்குப் பாதிச் சம்பளமா, முழு இழப்பீடா, காத்திருப்பதா, வேறிடம் தேடுவதா என்பது அமையும்.

1946ஆம் ஆண்டு நிலையாணைகள் சட்டம், பணிவிதிகளை ஆங்கிலத்திலும், தொழிலாளருட் பெரும்பாலோர் அறிந்த மொழியிலும், அவர்கள் நுழையும் வாயிலருகே பலகையில் ஒட்டவேண்டும் என்று விதித்திருந்தது. எம்மொழியில், எவ்விடத்தில் என்றவரை சட்டம் சொல்லலாம். எத்தகைய வாக்கியத்தில் என்று அது சொல்ல இயலாது. அதனை எழுதுவோனே அறிந்திருக்க வேண்டும். பயிற்சிக்காக ஓர் அறிவிப்பை இருவகையாக எழுதிக் காட்டுகின்றேன். இரண்டும் கற்பனையே. முதல் வகை:

"நிறுவனத்தின் நீண்டகால வளர்ச்சியை முன்னிட்டு மேற்கொள்ளப்படும் மறுசீரமைப்பின் ஒரு பகுதியாகச் சில பிரிவுகளில் தாக்கம் ஏற்படலாம். இக்காலத்தில் தங்கள் ஒத்துழைப்பு பெரிதும் மதிக்கப்படுகின்றது."

இதன் வினைகளை நோக்குக. மேற்கொள்ளப்படும், ஏற்படலாம், மதிக்கப்படுகின்றது. மேற்கொள்வார் யார், மதிப்பார் யார் என்பது இல்லை. எத்தனை பேர், எந்நாள் முதல், எவ்வளவு தொகை என்பவையும் இல்லை. இனி, இரண்டாம் வகை:

"நமக்கு வரவேண்டிய இரண்டு ஆர்டர்கள் நின்றுவிட்டன. ஆதலால், மேற்பகுதி தைக்கும் பிரிவிலுள்ள அறுபது பேர்க்கு வரும் திங்கட்கிழமை முதல் இருபது நாள்களுக்கு எங்களால் வேலை தர இயலாது. எவர் பெயரையும் பதிவேட்டிலிருந்து நீக்கவில்லை. இந்நாள்களுக்குச் சட்டப்படி உள்ள பாதிச் சம்பளத்தை அடுத்த மாதச் சம்பளத்தோடு தருவோம். அறுபது பேரின் பெயர்களும் கீழே உள்ளன. ஐயம் உள்ளவர்கள் அலுவலகத்தில் மேலாளரை எந்நேரமும் கேட்கலாம்."

இதில் 'எங்களால்' என்றும் 'தருவோம்' என்றும் சொல்பவர் தம்மைக் காட்டிக்கொள்கின்றார். செய்தி கசப்பானதே. ஆனால், திங்கட்கிழமை காலையில் பேருந்து ஏறுவதா, இருபது நாளைக்கு வேறு கூலி தேடுவதா, பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்குத் தவணை கேட்பதா என்பதை அவ்வறுபதின்மரும் வெள்ளிக்கிழமை மாலையே பலகையின்முன் நின்று முடிவு செய்துகொள்ளலாம்.